வலம்புரி நத்தை

“ஃபாஜில், பேண்ட்டை மடிச்சு விட்டுட்டு வயல்ல இறங்கு. எனக்கு உயிரோட ஒரு நத்தை வேணும்.”

பி.காம். முடித்துவிட்டுத் துப்பறியும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். முதலாளி வாயிலிருந்து இப்படி ஒரு உத்தரவு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. துரத்தச் சொல்வார், ஒளிந்து நின்று பார்க்கச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். மூன்று வருஷத்தில் நான் துரத்தியது ஒரே ஒரு ஆட்டை. உண்மையைச் சொன்னால் ஆடுதான் என்னைத் துரத்தியது.

“நத்தை எதுக்கு மேடம், குழம்புக்கா?”

“சாட்சிக்கு.”

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை மூடி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. லாரி, பஸ், குறுவை நெல் ஏற்றிய டிராக்டர், கல்யாண வேன் என்று வரிசை ஊரைத் தாண்டி வயல்வெளி வரைக்கும் நீண்டு கிடந்தது. அதன் கடைசியில் எங்கள் கார். மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்குள் நாங்கள் திருவாரூரில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால், பின் சீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற பிரதீபா ஊரறியத் திருடி ஆகிவிடுவாள்.

முன் சீட்டில் இருந்தவர் சுடர்விழி மேடம். வயது நாற்பத்தாறு. பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடிக்கிற வேலை. அப்புறம் தஞ்சாவூர் கீழவாசலில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம். பொய் சொல்கிறவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கச்சேரி கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

“பிரதீபா, இவன் நத்தை பிடிக்கிறதுக்குள்ள இன்னொரு தடவை சொல்லும்மா.”

இறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. காதை மட்டும் காரில் விட்டுவிட்டுப் போனேன்.

பிரதீபாவுக்கு இருபத்து நாலு வயது. திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா தனபாக்கியம் நடவு வேலைக்குப் போகிறவர். பெண் விலங்கியல் படித்துவிட்டு, மூன்று கை மாறி வந்த ஒரு கேமராவை வைத்துக்கொண்டு நாரை, உள்ளான், அரிவாள்மூக்கன் என்று தண்ணீரில் நடக்கிற பறவை எல்லாவற்றையும் துரத்துகிறவள். புரட்டாசியில் சம்பா நடவு சமயத்தில் அவளுக்கு அந்தப் படம் மாட்டியது.

“நத்தைகுத்தி நாரை மேடம். சும்மா நிக்கிற நாரையை யார் வேணாலும் எடுக்கலாம். இது நத்தையைக் கவ்வி மேல தூக்கிப் போட்டுச்சு. நத்தை காத்துல நிக்குது, அலகு திறந்திருக்கு, தண்ணி சிதறுது. அந்த ஒரு நொடி!”

“அப்புறம்?”

“லென்ஸ்ல சேத்துத் துளி. படம் முழுக்கப் புள்ளி. வெளிச்சமும் கம்மி. என் லேப்டாப் அந்த வேலைக்கெல்லாம் தாங்காது. தஞ்சாவூர்ல வசந்தகுமார் ஸ்டூடியோவுல கார்டைக் குடுத்து, கொஞ்சம் தேத்திக் குடுங்கண்ணேன்னு கேட்டேன். குடுத்தாரு. அதைத்தான் திருவாரூர் பறவைப் படப் போட்டிக்கு அனுப்பினேன். பார்த்தா, எனக்கு ரெண்டு நாள் முன்னாடி அதே படத்தை அவரும் அனுப்பியிருக்காரு!”

அதே படம்தான். ஆனால் ஒன்றில் நாரை இடது பக்கம் பார்க்கிறது, இன்னொன்றில் வலது பக்கம். யாரோ ஒருவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார். திருப்பியவர்தான் திருடியவர் என்று போட்டிக் குழு முடிவு கட்டிவிட்டது. வசந்தகுமார் பெரிய ஆள், ஆறு கேமரா, நாலு உதவியாளர். ஆகவே பன்னிரண்டு மணிக்குள் மன்னிப்புக் கடிதம் கொடு என்று பிரதீபாவுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஜெயிக்கிறவருக்கு டெல்டா பறவைக் கணக்கெடுப்பில் ஒரு வருஷம் புகைப்பட வேலை. திருடி என்று பேர் வாங்கினால் அந்த வேலை மட்டும் இல்லை, இனி எந்த வேலையும் இல்லை.

“கார்டுல ஒரிஜினல் இருக்குமே?” மேடம் கேட்டார்.

“ஒரே ஒரு கார்டுதான் மேடம். அழிச்சிட்டு அடுத்த படம் எடுத்துட்டேன்.”

“வேற எங்கயும் இல்லையா? யாருக்கும் அனுப்பல?”

பிரதீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இல்ல மேடம்.”

மேடம் தலையாட்டிக் கேட்டார். கச்சேரி கேட்கிற அதே ஆட்டம். எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கவனம் எல்லாம் கையில் இருந்த நத்தை மேல். கோலிகுண்டை விடக் கொஞ்சம் பெரிசு. மூடிபோட்டுக்கொண்டு, எனக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை என்கிற மாதிரி உள்ளே போய்விட்டது.

வரப்பில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சட்டென்று மண்டையில் மணி அடித்தது. என் தாய்மாமா அன்சார் நாகூரில் சங்கு வியாபாரம். சின்ன வயசில் லீவு முழுக்க அந்தக் கடையில்தான் கிடப்பேன்.

“மேடம்! கண்டுபிடிச்சிட்டேன்!” என்று சேறும் தண்ணியுமாகக் கார் கதவைத் திறந்தேன். “சங்கு எல்லாம் இடம்புரியாத்தான் இருக்கும். வலம்புரி அபூர்வத்துலயும் அபூர்வம். வயல் நத்தையும் அதே கணக்கு, எல்லாம் ஒரே பக்கம்தான் சுழிக்கும். படத்தைத் திருப்பிப் போட்டா?”

“போட்டா?”

“நத்தை வலம்புரி ஆயிடும்! எந்தப் படத்துல வலம்புரி நத்தை இருக்கோ அதுதான் திருட்டுப் படம்! வசந்தகுமார் காலி!”

“அபாரம்டா,” என்றார் மேடம். “போய் இதை அப்படியே அவங்க முன்னாடி சொல்லு. நல்லா சத்தமா சொல்லு.”

என்னை அவர் பாராட்டினால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கேட் திறந்தது.

திருவாரூர் கண்காட்சி மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. சுவர் முழுக்கப் படங்கள். நடுவில் அந்த இரண்டு படமும், ஆளுயரத்துக்கு, பக்கத்துப் பக்கத்தில். முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் குழுத் தலைவர் இளையபெருமாள். ஓய்வு பெற்ற வனச்சரகர். சிரிப்பையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றவர் போல இருந்தார். அவர் பக்கத்தில், நாதஸ்வரம் நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவைத் தோளில் தொங்கவிட்டபடி வசந்தகுமார். சுவரில் இருக்கிற படத்தைப் பார்க்க எதற்கய்யா லென்ஸ்?

“கடுதாசி கொண்டு வந்தியாம்மா?” என்றார் இளையபெருமாள்.

“நத்தை கொண்டு வந்திருக்கோம் ஐயா,” என்று மேஜை மேல் வைத்தேன்.

கணீரென்று ஆரம்பித்தேன். சங்கு, சுழி, இடம்புரி, வலம்புரி, மாமா கடை, ஒன்றையும் விடவில்லை. குழுவில் இருந்த நாலு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். நத்தையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் மாதிரி படங்களிடம் போனேன். முதலில் வசந்தகுமார் படத்தில், காற்றில் நிற்கிற நத்தை பக்கத்தில் பிடித்தேன்.

அச்சு அசலாக ஒரே சுழி.

பிரதீபா படத்தின் பக்கத்தில் பிடித்தேன். ஐயோ! வலம்புரி. சந்தேகமே இல்லாத, அன்சார் மாமா பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வலம்புரி.

“அடடடா!” வசந்தகுமார் கை தட்டினார். “எனக்காக வாதாடின வக்கீலுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா!”

“நான் திருப்பல!” பிரதீபா கத்தினாள். “நீங்கதானே அண்ணே, இந்தப் பக்கம் பார்த்தா எடுப்பா இருக்கும்னு திருப்பிக் குடுத்தீங்க! எனக்கு என்ன தெரியும்?”

“இப்படித்தான் சொல்லும்னு எனக்குத் தெரியும் சார். பாவம், ஏழைப் பொண்ணு. விட்டுருங்க.”

இளையபெருமாள் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் பிரதீபா பக்கம் நகர்த்தினார். அவள் என்னைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து நத்தையும் நானும் உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது. வழக்கில் ஜெயிக்கிறேன் என்று கிளம்பி, கட்சிக்காரியையே மாட்டிவிட்ட முதல் உதவியாளன் நானாகத்தான் இருப்பேன்.

சுடர்விழி மேடமோ வசந்தகுமாரைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. “தப்பா நினைச்சுட்டோம் சார், மன்னிச்சுக்கங்க. என்ன படம் சார் இது! எங்க எடுத்தீங்க?”

வசந்தகுமாருக்கு மார்பு இரண்டு அங்குலம் ஏறியது. “திருப்பனந்தாள் பக்கம், கொள்ளிடக் கரையோரம். சேத்துல மூணு மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன் மேடம்.”

“துணைக்கு ஆள்?”

“ஆளா! மனுஷ வாடை பட்டாலே பறந்துடும். நாரையும் நானும் மட்டும்தான். சுத்தி ஒரு மைலுக்கு ஈ காக்கா கிடையாது.”

“நடவு ஆளுங்ககூட?”

“ஒருத்தர் இல்ல மேடம். அதான் சொல்றேனே, தவம்!”

“ஐயா, இதைக் குறிச்சுக்கங்க,” என்றார் மேடம் இளையபெருமாளிடம். அவர் குறித்துக்கொண்டார். “நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார். பேர் சொல்லிக்கலாம்ல.” வசந்தகுமார் சந்தோஷமாகப் போட்டார்.

“ஃபாஜில், அவர் படத்தை இறக்கு. தலைகீழா மாட்டு.”

மாட்டினேன். இன்றைக்கு இதற்கு மேல் என்ன அவமானம் வந்துவிடப் போகிறது?

நாரை தலைகீழாகத் தொங்கியது. நத்தை கீழே போய்விட்டது. தண்ணீர் மேலே வந்தது. நாற்றுகளின் பச்சை நிழலுக்கு நடுவில், நாரையின் காலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நீலக் கறை. இத்தனை நேரம் அதை வானத்தின் நிழல் என்றுதான் நினைத்திருந்தோம். இப்போது பார்த்தால் அதற்குத் தலை இருந்தது. தலையில் முண்டாசு இருந்தது. குனிந்த உடம்பில் நீல பனியன், பனியனில் பெரிய எட்டு. ஒரு கையில் நாற்றுக் கட்டு. இதெல்லாம் போதாதென்று, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பு வேறு!

“பேயா மேடம்?” என்றேன்.

“நடவு வயல்டா. எங்க பார்த்தாலும் தண்ணி. வரப்பு மேல இருக்கிற ஆளை அழிச்சா ஆள் போயிடும். தண்ணியில நின்னு நடறவங்களை அழிச்சா, தண்ணிக்குள்ள தலைகீழாத் தெரியற அவங்க நிழலையும் அழிக்கணும். ஏ.சி. ரூம்ல உக்காந்து படத்தைத் தேத்தறவருக்கு அது தோணல.” மேடம் வசந்தகுமார் பக்கம் திரும்பினார். “ஈ காக்கா இல்லன்னீங்க. இந்த அம்மா யாரு சார்?”

வசந்தகுமார் வாயைத் திறந்தார், மூடினார். நாரையை விட நன்றாகவே செய்தார்.

“யாரோ... வேலைக்கு வந்த பொம்பளை... நான் கவனிக்கல.”

“மூணு மணி நேரத் தவத்துல, பத்தடி தூரத்துல, உங்களைப் பார்த்துச் சிரிச்சவங்களைக் கவனிக்கல?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “மேடம், அப்போ நத்தை எதுக்கு?”

“பறவை பக்கத்துல வரணும்னா இரை போட வேண்டாமா?” என்றார். “ஜெயிச்சிட்டோம்னு நினைச்சாத்தான் இவர் வாய் திறப்பாரு.” இரை நத்தையா நானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

மேடத்தின் குரல் தணிந்தது. “பிரதீபா, இப்ப நீ சொல்லு. யாரு இது?”

பிரதீபா தரையைப் பார்த்தாள். மேடம் தன் செல்போனை எடுத்து மேஜையில் வைத்தார். வாட்ஸ்அப் முகப்புப் படம். அதே நீல பனியன், அதே எட்டு, அதே சிரிப்பு, நேராக. படத்தின் ஓரத்தில் மட்டும் ஏதோ கறுப்பாக ஒரு அலகின் நுனி.

“காலையில நம்ம ஆபீஸ் படிவத்துல உங்கம்மா நம்பர் எழுதினல்ல? சேமிச்சதும் இந்தப் படம் வந்துச்சு. நீ அனுப்பின முழுப் படம் அவங்க போன்ல இருக்கு. அதைக் காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல வழக்கு முடிஞ்சிருக்கும். ஏன் மறைச்ச?”

“நான்தான்...” குரல் உடைந்தது. “நான்தான் அம்மாவைப் படத்துலேர்ந்து எடுத்துடச் சொன்னேன் மேடம். போன வருஷம் ஜெயிச்ச படத்துல ஒண்ணுலகூட மனுஷங்களே இல்ல. வெறும் பறவை, வெறும் தண்ணி. நடுவுல எங்கம்மா, என் பழைய கபடி பனியனைப் போட்டுக்கிட்டு, உடம்பெல்லாம் சேறு... எனக்கு வெக்கமா இருந்துச்சு. எடுத்துடுங்கண்ணேன்னு சொல்லிட்டேன்.”

இளையபெருமாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “விதி நாலு. நிறம், வெளிச்சம் திருத்தலாம். எதையும் நீக்கவோ சேர்க்கவோ கூடாது.”

“அதான் இவர் தைரியம்,” என்றார் மேடம். “இந்தப் பொண்ணு வாயைத் திறந்தா அவளும் மாட்டிக்குவா. திறக்க மாட்டான்னு கணக்குப் போட்டாரு. ஆளை அழிச்சுக் குடுத்த படத்துல பறவையையும் திருப்பி விட்டுட்டா, பழியும் அவ மேல போயிடும்.”

வசந்தகுமார் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகரப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட தாளை இளையபெருமாள் மடித்துப் பையில் வைத்தார். “உக்காருங்க. டீ சொன்னீங்களே, வரட்டும்.”

பிறகு அவரே அந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் தண்ணீர்ச் சத்தம், பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். அப்புறம் ஒரு கணீர்க் குரல்.

“அலோ! யாரு? நடவுல நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க!”

“அம்மா, உங்க போன்ல வச்சிருக்கீங்களே ஒரு படம். அது யாரு எடுத்தது?” என்றார் இளையபெருமாள்.

“எம் மவ பிரதீபா எடுத்தது. எங்க ஊரு வயக்காட்டுல, சம்பா நடவப்ப. நல்லாருக்கா? பக்கத்துல ஒரு நாரை நின்னு படத்தையே கெடுத்துச்சு. பேரப்புள்ள ஒருத்தன்கிட்ட சொல்லி அதை வெட்டிட்டேன்!”

மண்டபத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். நான்தான். இளையபெருமாளின் மீசைகூட ஒரு தடவை அசைந்தது.

“முழுப் படமும் இருக்காம்மா?”

“இருக்குங்க. மவ அனுப்புனதை அழிப்பேனா?”

ஒரு நிமிஷத்தில் படம் வந்து விழுந்தது. தேதி புரட்டாசி. அழுக்குப் புள்ளியோடு, வெளிச்சம் குறைச்சலாக, குனிந்து சிரிக்கிற ஒரு பெண்ணும், அவளைத் துளிகூடச் சட்டை செய்யாமல் பத்தடியில் நத்தையைத் தூக்கிப் போட்ட நாரையும். இளையபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“முப்பது வருஷம் காட்டுல மறைவு கட்டி உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு நாரை இவ்வளவு கிட்ட வந்ததில்ல,” என்றார். அப்புறம் குரலைச் சரிசெய்துகொண்டார். “ரெண்டு படமும் போட்டியில இல்ல, இறக்கிடுங்க. பிரதீபா பேர்ல எழுதின திருட்டுப் புகாரை அடிச்சாச்சு. அது யார் பேருக்குப் போகணுமோ போகும். பரிசு உனக்குக் கிடையாதும்மா. வேலைக்குத் திங்கக்கிழமை நேர்ல வா. இந்தப் படத்தோட வா. தேத்தாம வா.”

“ஐயா! என்னங்கய்யா, இறக்கறீங்களா?” ஸ்பீக்கரில் தனபாக்கியம் பதறினார். போனை நான் அணைக்க மறந்திருந்தேன். “சனிக்கிழமை வேன் சொல்லிட்டேங்களே! எங்க கோஷ்டி மொத்தம் பதினாலு பேரு வர்றோம். தனபாக்கியம் படத்தைத் திருவாரூர்ல ஆளுயரத்துக்கு மாட்டியிருக்காங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். பாப்பா, அங்கதான் இருக்கியா? அதுல நான் நல்லாத் தெரியுறேன்ல?”

பிரதீபா போனைக் கையில் எடுத்தாள். அணைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அணைக்கவில்லை.

“இல்லம்மா. நீ அதுல இல்ல. நான்தான் உன்னை எடுக்கச் சொன்னேன்.”

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. 

“நாரை இருக்கா?”

“இருக்கும்மா.”

“நான் மட்டும் இல்லையா?”

“மன்னிச்சிரும்மா...” பிரதீபா அழுதே விட்டாள்.

“சரி, அழுவாத. நான் உன் நாரையை வெட்டினேன், நீ என்னை வெட்டிட்ட. சரிக்குச் சரியாப் போச்சு,” என்றார் தனபாக்கியம். அவர் குரலும் லேசாகக் கம்மியிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் சத்தமாகப் பேசினார். “ஆனா வேனுக்குச் சொன்னது சொன்னதுதான். சனிக்கிழமை காலையில பதினாலு பேரும் வந்து நிப்போம். அதுக்குள்ள அந்தச் சுவத்துல என்னையும் நாரையையும் ஒண்ணா மாட்டி வை. இல்லைன்னா, அதே பனியனைப் போட்டுக்கிட்டு, சேத்தோட அந்தச் சுவத்துல வந்து நானே நின்னுக்குவேன்!”